மடிப்புக்குள் போகாத தாள்

மசக்கையில் முழங்காலிடக் கற்றுக்கொண்டேன்.
கழிவறைக் கோப்பையின் விளிம்பைப் பற்றிக்கொள்ள
மற்றவர்களுக்குக் கைகள் உண்டு.
எனக்குத் தோளிலிருந்து ஒரு சாண் தள்ளி
மும்மூன்று விரல்கள்.
ஆகவே மோவாயை ஊன்றுகிறேன்.
பீங்கான் குளிர்ச்சி. அதுவும் ஒரு சுகம்தான்.

பிரேமர்ஹாஃபன், எண்பத்தெட்டு, மார்ச்.
காற்று திரும்பினால் மீன் ஏலக்கூடம்
ஜன்னல் வழியே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்ளும்.
ஃபோல்கர் முதலில் காபியை விட்டான்,
பிறகு சவரக் களிம்பை.
நேற்றுத் தலையணையைத் தூக்கிக்கொண்டு
சொல்லாமலே கூடத்துக்குப் போய்விட்டான்.
பதினோரு வாரம். ஏழு கிலோ இறங்கியிருக்கிறேன்.
குடித்த தண்ணீரும் திரும்பி வருகிறது,
முகவரி தவறிய கடிதம் மாதிரி.

கூந்தலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று
ஓஸ்னாப்ரூக்கிலிருந்து அம்மா ரயிலேறி வந்தாள்.
பிடித்தாள். நன்றாகவே பிடித்தாள்.
என் பின்கழுத்தில் அவள் கை நடுங்கியதை
வாந்தியின் நடுக்கம் என்றே
இருவரும் வைத்துக்கொண்டோம்.

டாக்டர் ரோய்டர்ஸ் மாத்திரை எழுதினார்.
எழுதும்போது என் தோளைப் பார்க்கவில்லை;
பார்க்காமலிருக்க அவர் பட்ட பாடு
அறை முழுக்கத் தெரிந்தது.
"இது வேறு மருந்து. பல வருடமாகப் பலர் சாப்பிட்டது.
இப்படியே போனால் நரம்பில் ஊசி குத்திப் படுக்கவைக்க வேண்டும்."
"அப்போதும் நல்லதென்றுதான் சொன்னார்கள்," என்றாள் அம்மா,
தன் கைப்பையைப் பார்த்து.

பிள்ளைக்குக் கை இருக்குமா என்று
பேருந்தில், அலுவலகத்தில், ரொட்டிக்கடை வரிசையில்
கேட்காமல் கேட்கிறவர்களுக்கு
நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன்:
எனக்கு இது ரத்தத்தில் வந்ததில்லை,
மருந்துக்கடையில் வந்தது.

இரவு சமையலறையில் அம்மா
மாத்திரைப் பெட்டிக்குள்ளிருந்த தாளை விரித்தாள்.
எறும்பு எழுத்து. பூதக்கண்ணாடி.
மயக்கம் வரலாம், வாய் உலரலாம், வண்டி ஓட்டாதீர்.
முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம்.
பிறகு மடிக்கப் பார்த்தாள்.
ஒருமுறை விரித்த தாள்
பழைய மடிப்புக்குள் போவதில்லை.
நான்காவது முறை தோற்றபோது கேட்டேன்,
இருபத்தேழு வருடம் கேட்காததை:
"எத்தனை?"

கண்ணாடியைக் கழற்றினாள்.
"ஒன்றரை.
உன் அத்தை கொடுத்தாள், தூக்கம் வரும் என்று.
செவ்வாய்க்கிழமை ஒன்று.
மறுநாள் பாதி. குமட்டல் நின்றிருந்தது, அதனால் பாதி போதும் என்று."
"மீதிப் பாதி?"
குளிர்பெட்டி உறுமிவிட்டு அடங்கியது.
"தையல் டப்பாவில்," என்றாள்.
இருந்தது என்றாளா, இருக்கிறது என்றாளா,
சரியாகக் கேட்கவில்லை.

பிறகு அவள் செய்ததை
ஃபோல்கர் இன்றுவரை நம்பவில்லை.
என் மாத்திரையில் ஒன்றைப் பிதுக்கி எடுத்து
வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.
ராஜாவின் சோற்றைச் சுவை பார்ப்பவள் போல
நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.
ஐம்பத்து மூன்று வயது. வயிற்றில் யாரும் இல்லை.
இதில் எதுவும் நிரூபணம் ஆகாதென்று
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அரை மணி நேரத்தில் தலை சாய்ந்தது.
வாய் திறந்து, ஒரு செருப்பு கழன்று,
என் அம்மா குறட்டை விட்டாள்.
அவள் தூங்கி நான் பார்த்ததேயில்லை;
எப்போதும் எனக்கு முன் எழுந்து
எனக்குப் பின் படுப்பவள்.

நான் உறையைப் பல்லால் கிழித்தேன்.
நாக்கில் லேசான கசப்பு.
விழுங்கினேன்.

காலையில் அரை ரஸ்க்.
மாடிப்படியில் காலடி கேட்பவள் போல
காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.
ஏறி வரவில்லை.
ஏலக்கூடத்தில் மணி அடித்தது, கடல்காக்கை கத்தியது,
அம்மா நாற்காலியில் இன்னும் அப்படியே.
மீதிப் பாதி தட்டில் இருந்தது.
அதையும் சாப்பிட்டேன்.